பதினொரு யெஸ்

மூன்றாவது தடவையாக அந்தப் பெண் விலைவாசி ஏறிவிட்டது என்றாள். மூன்றாவது தடவையும் அவள் குரலில் ஒரு சுருக்கம் விழவில்லை. மேசைமேல் வைத்திருந்த சின்ன ஸ்பீக்கருக்குள்ளிருந்து, குளித்து முழுகிப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தவள் மாதிரி, இன்ஃப்ளேஷன் இவ்வளவு, வட்டி விகிதம் இவ்வளவு, குடும்பங்களுக்குச் சற்றே சுமை என்று அவள் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே போக, கௌசல்யா மிஸ் போனைத் தட்டி நிறுத்தி, "கேட்டீங்களா? சுமைன்னா பர்டன். அதுக்கு முன்னாடி சற்றேங்கிறதுக்கு ஒரு வேர்ட் போட்டா பாருங்க, கவனிச்சீங்களா?" என்றாள். பத்திநாதன் கவனித்திருந்தான். மைல்ட். அதைத் தமிழ் எழுத்தில் நோட்டில் எழுதியபோது பேனா முனை தாளைக் குத்திக் கிழித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போனது. சற்றே சுமையாம். யாருக்கடி சற்றே, உனக்கா? கீழே மாவு மில்லில் யாரோ மிளகாய் அரைக்கக் கொண்டுவந்திருந்தார்கள். ஜன்னலை மூடினாலும் தரைப்பலகை இடுக்கு வழியாக அந்த நெடி மேலே ஏறி வந்து மூக்கைப் பிடித்தது. வில்லியனூர் கடைத்தெருவில் மாவு மில்லுக்கு மாடியில் இங்கிலீஷ் கற்றுக்கொடுக்கலாம் என்று தோன்றியவர்களையும், அதை முத்தியால்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கற்றுக்கொள்ளலாம் என்று தோன்றிய தன்னையும் சேர்த்து ஒரே உரலில் போட்டு இடிக்கலாம் போலிருந்தது. இரண்டு பஸ் மாறி வந்ததற்குக் காரணம் உண்டு. முத்தியால்பேட்டையிலும் இதே மாதிரி வகுப்பு இருக்கிறது, வீட்டிலிருந்து நாலு நிமிஷ நடை. அங்கே போனால் தெரு பார்க்கும். தெரு பார்த்தால் அக்காவுக்குத் தெரியும். பிரான்ஸில் இருபத்தாறு வருஷம் இருந்துவிட்டு வந்தவன், நாற்பத்தெட்டு வயசில், பெஞ்சில் உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்கிறானா?

போர்டில் எட்டு சொற்கள் வரிசையாக இருந்தன. ரைஸ், ஈஸ், ஈரோட், பர்டன், ஹோல்ட், வார்ன், ஸ்டெடி, கட். மிஸ்ஸின் முறை இதுதான். தினம் ஒரு செய்தி, செய்தியிலிருந்து எட்டுச் சொல், பெஞ்சு வரிசைப்படி ஆளுக்கு ஒன்று, எழுந்து நின்று அந்தச் சொல்லை வைத்துச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். புத்தகத்திலிருந்து சொல்லக் கூடாது, நிஜமாக நடந்ததாக இருக்க வேண்டும், அப்போதுதான் வார்த்தை உடம்பில் ஒட்டும் என்பாள். காலை வகுப்பில் பாதிப் பேர் பேங்க் பரீட்சை எழுதுகிறவர்கள், அதனால் மூன்று வாரமாகச் செய்தி என்றால் வட்டியும் விலைவாசியும்தான். ரிசர்வ் பேங்க் கூடியது, கலைந்தது, ஏற்றியது, நிறுத்தியது. பத்திநாதன் உட்கார்ந்ததுமே எண்ணிவிட்டான். எட்டுப் பேர், தான் ஏழாவது, ஆகவே ஸ்டெடி. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் செய்கிற வேலைதான், தன் முறைக்கு எந்தப் பாரா வரும் என்று எண்ணி அதை மட்டும் மனப்பாடம் செய்துகொள்வது. லிசே என்கிற பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வகுப்பில் அவன் செய்தது, இப்போது செய்கிறது. ஸ்டெடிக்கு ஒரு வாக்கியம் தயார் பண்ணிவிட்டான். என் கை நடுங்காமல் ஸ்டெடியாக இருக்கிறது. பொய். அந்தக் கைதான் சற்று முன்னால் தாளைக் கிழித்தது. இருந்தாலும் இலக்கணம் சரி, மிஸ் வெரி குட் சொல்லுவாள், உட்கார்ந்துவிடலாம். நாளைக்குப் பதினொரு மணிக்கு இப்படி உட்கார்ந்துவிட முடியாது. நாளைக்குப் பதினொரு மணிக்கு வங்கியின் மண்டல அலுவலகத்தில், அக்கா பக்கத்தில் இருக்க, அந்த டேப்பைப் போடப் போகிறார்கள்.

முதல் பெஞ்சில் தணிகாசலம் எழுந்தார். பெயிண்ட் கடைக்காரர், ஐம்பத்தைந்து வயசு, வெள்ளைக்காரக் கம்பெனி டீலர்ஷிப்புக்காகப் படிக்கிறார், எந்த வார்த்தையைக் கொடுத்தாலும் சம்சாரத்திடம் கொண்டுபோய் முடிப்பார். ரைஸ். "மை வைஃப் வாய்ஸ் ரைஸ், ப்ரைஸ் ஆல்ஸோ ரைஸ், ஒன்லி மை சேல்ஸ் நாட் ரைஸ், மிஸ்." வகுப்பு சிரித்தது. "ரைசஸ், சார், ரைசஸ். எஸ் எங்க போச்சு?" "அத அவ எடுத்து வச்சிக்கிட்டா மிஸ்." மறுபடி சிரிப்பு. பத்திநாதனுக்கு அந்த மனிதர்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. என்ன தைரியம் இருந்தால் ஒரு ஆள் இத்தனை தப்பாகப் பேசிவிட்டு இத்தனை நிம்மதியாக உட்கார முடியும். தப்பாகப் பேசுவதற்கு ஒரு யோக்கியதை வேண்டும். இங்கேயே பிறந்து இங்கேயே பெயிண்ட் விற்றவனுக்கு அது உண்டு. வெளிநாட்டிலிருந்து திரும்பியவனுக்குக் கிடையாது. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊர் வந்து இறங்கிய மறுவாரமே தெரிந்துபோனது அது. கேஸ் கனெக்‌ஷன் ஆபீசில் அந்தப் பெண் ஃபார்மைத் தள்ளி, "சார் ஃபாரின் ரிட்டர்ன்தானே, நீங்களே ஃபில் பண்ணிடுவீங்க" என்றாள். பக்கத்து வீட்டுக்காரர் பேரனின் காலேஜ் கடிதத்தைக் கொண்டுவந்து, "தம்பி பாரிஸ்ல இருந்தவரு, பார்த்தாலே சொல்லிடுவாரு" என்றார். பாரிஸில் இங்கிலீஷ் எவன் பேசுகிறான் ஐயா? நான் படித்தது தமிழும் பிரெஞ்சும். இரண்டிலும் கனவு காண்பேன், இரண்டிலும் வசை பாடுவேன், மூன்றாவது எனக்குத் தெரியாது என்று அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சிரித்தான். அந்தச் சிரிப்புத்தான் முதல் யெஸ்.

பிரெஞ்சு தெரிந்தவனுக்கு இங்கிலீஷ் கண்ணைக் கட்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லித்தரவில்லை. தெரியவே தெரியாத பாஷை என்றால் ஒருத்தன் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவான். இது அப்படி இல்லை. ஒரு பக்கத்தை எடுத்தால் பத்தில் ஆறு சொல் சொந்தக்காரன் மாதிரி முகம் காட்டும். மூக்கால் சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் சரி. இன்ஃப்ளேஷன் அங்கேயும் அதுதான், கேரண்டி அங்கேயும் அதுதான், கான்ட்ராக்ட், பேங்க், கேப்பிட்டல் எல்லாம் பழைய வீட்டு ஆட்கள்தான். மீதி நாலு சொல்? அதை நாமே இட்டு நிரப்பிக்கொள்ளலாம் என்று தோன்றும். தோன்றியது. அப்படித்தான் போன வருஷம் தவக்காலத்தில் ஒரு சாயங்காலம் நிரஞ்சன் வந்தான். வங்கியிலிருந்து, கழுத்தில் டை, கையில் பிளாஸ்டிக் உறை போட்ட காகிதக்கட்டு. அக்கா செங்கோல்மேரி அரசு ஆஸ்பத்திரியில் நாற்பது வருஷத்துக்கு மேல் நர்ஸ் உதவியாளாக வேலை பார்த்து ஓய்வுபெற்று, கைக்கு வந்த பணத்தில் ஆறு லட்சத்தைத் தனியாக எடுத்து வைத்திருந்தாள். டெபாசிட்டில் போட்டுவைக்க வேண்டும், மாசாமாசம் வட்டி வர வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. பென்ஷன் இருக்கிறதே என்றால், அது மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் என்பாள். இந்த வட்டி வேறு. இது யாரையும் கேட்காமல் செலவு பண்ணுகிற காசு. தம்பி பிரான்ஸிலிருந்து யூரோ அனுப்பின காலத்தில்கூட அதிலிருந்து ஒரு சல்லி எடுத்ததில்லை அவள், அப்படியே போட்டுவைத்து அவன் திரும்பி வந்ததும் பாஸ்புக்கை முகத்துக்கு நேரே நீட்டினாள். "உன் காசு உனக்கு. எங்கிட்ட எங்காசு இருக்கு." அந்தச் செங்கோல்மேரி அன்றைக்கு நிரஞ்சனுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எந்தம்பி பாத்துட்டுச் சொல்லட்டும், அவன் சொன்னா கையெழுத்துப் போடறேன்" என்றாள். என்ன பெருமை அந்த முகத்தில். அந்தப் பெருமையை ஏன் என்மேல் கொண்டுவந்து வைத்தாய் அக்கா?

"ஈஸ்!" என்றாள் மிஸ். இரண்டாவது ஆள் எழுந்து, அம்மாவின் முழங்கால் வலி ஈஸ் ஆனது என்றான். வட்டியை ஈஸ் பண்ணலாம், வலியையும் ஈஸ் பண்ணலாம், அருமை என்றாள் மிஸ். அருமையாம். மூன்றாவது பெண், ஈரோட், அரிக்கும், கடல் எங்கள் ஊர்க் கரையை அரிக்கிறது என்றாள். பெரிய காலாப்பட்டுப் பக்கத்துப் பெண்ணாக இருக்கும், அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஏதோ இருந்தது. மிஸ் அதைக் கவனிக்காமல், "சூப்பர், அதே மாதிரிதான் இன்ஃப்ளேஷன் நம்ம சேமிப்பை அரிக்கும், எழுதிக்கங்க" என்றாள். எல்லாரும் குனிந்து எழுதினார்கள். கடல் அரிப்பதும் இதுவும் ஒன்றா? கடலுக்கு டை கிடையாது. கடல் வீட்டுக்குள் வந்து காபி குடித்துவிட்டு, ஸார் யூ ஆர் எஜுகேட்டட், யூ வில் அண்டர்ஸ்டாண்ட் என்று சொல்லாது. நிரஞ்சன் அப்படித்தான் ஆரம்பித்தான். அக்காவிடம் தமிழில் பேசிக்கொண்டிருந்தவன், இவன் பாரிஸ் என்றதும் சட்டென்று இங்கிலீஷுக்கு மாறினான், கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு ஆண்கள் உள்ளே போன மாதிரி. கடகடவென்று பேசினான். வட்டி இறங்கப் போகிறது, விலைவாசி டெபாசிட்டைத் தின்றுவிடும், ஆகவே இது வேறு திட்டம் என்று சொல்லியிருப்பான், இன்றைக்கு யோசித்தால் தெரிகிறது. அன்றைக்குக் காதில் விழுந்தது இன்ட்ரஸ்ட், இன்ஃப்ளேஷன், கேரண்டி. மூன்றும் தெரிந்த முகங்கள். பத்திநாதன் தலையாட்டினான். அப்புறம் காகிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சாவகாசமாக, அரை மணி நேரம் அதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினான். தமிழில். வரி வரியாக. "இதுல என்ன போட்டிருக்குன்னா அக்கா, முதல் ஒரு வருஷம் வட்டி சேந்துகிட்டே இருக்கும். அதுக்கப்புறம் மாசாமாசம் வரும். முதலுக்குக் கேரண்டி." எங்கே போட்டிருந்தது அது? எந்த வரியில்? அந்தக் காகிதத்தில் எங்கும் இல்லாத ஒரு திட்டத்தை, கேட்க நன்றாக இருக்கிற ஒரு திட்டத்தை, இட்டு நிரப்பி இட்டு நிரப்பித் தன் வாயாலேயே அவன் கட்டினான். நிரஞ்சன் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான், தமிழ் தெரிந்தவன், இவன் தப்பாகச் சொல்கிறான் என்று தெரிந்தவன், பிஸ்கட்டைக் காபியில் தோய்த்துக்கொண்டு. நிரஞ்சன் வாயிலிருந்து ஒரு பொய் வரவில்லை. எல்லாப் பொய்யையும் நானே சொன்னேன். அவனைப் போலீசில் கொடுத்தால்கூட அவன் சொல்லலாம், நான் என்ன சார் சொன்னேன், அவங்க தம்பிதான் சொன்னாரு என்று. அதுதான். அதை நினைத்தால்தான் பல் கூசுகிறது.

இத்தனைக்கும் வாசித்துக் காட்டுவது அவனுக்குப் புதிது இல்லை, அதுதான் வேடிக்கை, வேடிக்கையா இது. இருபத்தாறு வருஷம் பாரிஸுக்கு வெளியே ஒரு தபால் பிரிக்கும் மையத்தில் வேலை. ஆயிரம் கையெழுத்து, கோழி கிண்டின மாதிரி, ஈரத்தில் கரைந்து, பாதி கிழிந்து வரும், ஒரு பார்வையில் ஊரும் தெருவும் சொல்லிவிடுவான். மெஷின் துப்பின உறைகள் அவன் மேசைக்குத்தான் வரும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் கோயில் வாசலில் நம் சனங்கள் உறையும் கையுமாக நிற்பார்கள். வாடகை ஆபீஸ் கடிதம், பள்ளிக்கூடக் கடிதம், குடியுரிமைக் கடிதம். "பத்தி அண்ணே, இது என்னன்னு பாருங்க." பார்ப்பான். புரியாத வரி வந்தால் விரலை வைத்து, "இது எனக்குச் சரியா விளங்கல, திங்கக்கிழமை ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் கையெழுத்துப் போட்டுறாதீங்க" என்பான். எத்தனை தடவை சொல்லியிருப்பான் அதை. ஒருத்தரும் அவனைக் குறைவாக நினைத்ததில்லை. அந்நியன் ஊரில், அந்நியன் பாஷையில், அவ்வளவு லேசாக வாயிலிருந்து வந்த சொல், விளங்கல. சொந்த ஊரில், சொந்த வீட்டில், கூடப் பிறந்தவள் எதிரே வரவில்லை. ஏன் வரவில்லை? நிரஞ்சன் எதிரே இருந்தானே அதனாலா? இருபத்தாறு வயசுப் பையனுக்கு முன்னால் சின்னவனாகிவிடக் கூடாது என்றா? இல்லை. அக்காவுக்கு முன்னால்தான். அப்பா ஐந்து வயசில் இவனை லிசேயில் சேர்த்தபோது அவள் பதினெட்டு. கேட்டாளாம், நானும் பிரெஞ்சு படிக்கிறேனே என்று. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு என்றாராம் அப்பா. அவள் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குப் போனாள். இவனுக்கு யூனிஃபார்ம் தைத்த காசு அந்தச் சம்பளம். அவள் படிக்காததையும் சேர்த்து இவன் படித்தான் என்று ஒரு கணக்கு அந்த வீட்டில் யாரும் பேசாமலே இருந்தது. அதனால் தெரியாது என்று சொல்ல இவனுக்கு வாயில்லை. தெரியாது என்றால், அப்ப எதுக்குடா உன்னைப் படிக்க வச்சோம்? கேட்க மாட்டாள். ஒருநாளும் கேட்க மாட்டாள். கேட்டுத் தொலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாலாவது ஆள் பர்டன் சொன்னான். என்ன சொன்னான் என்று காதில் விழவில்லை. கீழே மில்லில் வேகம் கூட்டிவிட்டார்கள் போல, நெடி குபீரென்று வந்தது. எல்லாரும் இருமினார்கள். மிஸ் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அஞ்சு நிமிஷத்துல முடிச்சிருவாங்க, அட்ஜஸ்ட் பண்ணிக்கங்க" என்றாள். அட்ஜஸ்ட். கண் எரிந்தது. இது மிளகாய்க்கு எரிகிறதுதான் என்று சொல்லிக்கொண்டான். கையெழுத்தான மூன்றாம் நாள் போன் வந்தது, அந்த அழைப்பு. அது டெபாசிட்டே இல்லை, அக்காவின் பெயரில் ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசி, ஆனால் அக்கா போன் எடுக்க மாட்டாள் என்று இவன் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். ஒரு பெண் குரல், இதோ இந்தச் செய்தி வாசிக்கிறவளின் தங்கச்சி மாதிரி, அதே இஸ்திரி போட்ட குரல். திஸ் கால் இஸ் ரெக்கார்டட். அது புரிந்தது. அதற்கப்புறம் கேள்வி கேள்வியாக வந்தது. ஒவ்வொரு கேள்வி முடிவிலும் ஒரு சின்ன இடைவெளி, இவன் பேச வேண்டிய இடம். அந்த இடைவெளிகளில் இவன் யெஸ் போட்டான், தெருமுக்கில் நின்று போகிறவர்களுக்கெல்லாம் கும்பிடு போடுகிற மாதிரி. உடம்பெல்லாம் காது. நடுவில் ஒரு தடவை அந்தப் பெண்ணே, சார், ஷல் ஐ ஸ்பீக் இன் தமிழ்? என்று கேட்டாள். அது தெளிவாகப் புரிந்தது. தமிழ் என்ற சொல் புரியாமல் போகுமா? அதற்கு மட்டும் நோ சொன்னான். நோ, நோ, இங்கிலீஷ் ஓகே. எத்தனை கௌரவமாகச் சொன்னான். பதினொரு யெஸ்ஸையும் மன்னிக்கலாம் யாராவது. அந்த ஒரு நோவை? அதுவும் டேப்பில் இருக்கும். நாளைக்கு அக்கா காதில் விழும், ஸ்பீக்கரில், ஏசி ரூமில், தண்ணீர் பாட்டில்கள் வைத்த மேசையில். அப்புறம் பாலிசிப் புத்தகம் தபாலில் வந்தது, பிடிக்கவில்லை என்றால் முப்பது நாளுக்குள் திருப்பி அனுப்பலாம் என்று அதில் போட்டிருந்ததாம். அதை அலமாரி மேல் வைத்தவன் இவன்தான்.

போன மாசம் நோட்டீஸ் வந்தது. இரண்டாம் வருஷத் தவணை ஆறு லட்சம், கட்டத் தவறினால் போட்டதில் பெரும்பகுதி போகும். மருந்து வாங்கப் போன அக்காவுக்குத் தெருமுனை மருந்துக்கடைப் பெண் வாசித்துச் சொல்லியிருக்கிறாள், நாலு வரியில், அரை நிமிஷத்தில். மாசாமாசம் வட்டி என்று ஒன்று அதில் கிடையவே கிடையாது. பத்து வருஷம் கட்டி, பதினைந்தாம் வருஷம் எடுக்கலாம். அப்போது அக்காவுக்கு எழுபத்தைந்து. அக்கா சத்தம் போடவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு தனியாகக் கிளைக்குப் போனாள். அங்கே ஒரு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்து, "உங்க பிரதர்கிட்ட போன்ல பதினோரு கேள்வி கேட்டிருக்காங்க மேடம், பதினொண்ணுக்கும் யெஸ் சொல்லியிருக்காரு, ரெக்கார்டிங் இருக்கு" என்றாராம். வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். "யாருகிட்ட கதை விடுறான். எந்தம்பியாவது இந்த மாதிரித் திட்டத்துக்கு யெஸ் சொல்றதாவது. டூப்ளிகேட் டேப்பு. போடுடா பாக்கலாம்னுட்டேன். பெரிய ஆபீஸ்லயே வச்சுப் போடுங்க, எந்தம்பியக் கூட்டியாறேன், அவன் உங்களுக்கு மேல இங்கிலீஷ் பேசுவான்னுட்டேன். வெள்ளிக்கிழமை பதினொரு மணி." வெள்ளிக்கிழமை நாளைக்கு. டேப்பைக் கேட்டுக் கேட்டு வாங்கியவள் அவள்தான். நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "அங்க வந்து நாலு வார்த்த நறுக்குன்னு விடு, பயந்துடுவானுங்க" என்றாள். இவன் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகச் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருக்கிறான், ஈரோட், பர்டன், ரைஸ், எட்டு எட்டாக, நறுக்கென்று விட. எத்தனை நாள் பொறுக்கினால் ஒரு நோவை விழுங்க முடியும்?

"ஹோல்ட். அஞ்சாவது யாரு?" சொன்னார்கள். "அடுத்தது வார்ன். ஷகிலா." யாரும் எழவில்லை. ஆறாவது இடத்து ஷகிலா இருமிக்கொண்டே வெளியே தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள், அவள் இடத்தில் ஒரு கர்ச்சீப் மட்டும் கிடந்தது. மிஸ் ஒரு நொடி பார்த்துவிட்டு, "பரவால்ல, பத்தி சார், நீங்க சொல்லுங்க. வார்ன். எச்சரிக்கிறது." அவன் எழுந்தான். ஸ்டெடி வாக்கியம் நாக்கில் உட்கார்ந்திருந்தது, அதை இறக்கிவிட இடமில்லை. வார்ன். ரிசர்வ் பேங்க் எச்சரித்தது, நிபுணர்கள் எச்சரித்தார்கள். யார் யாரை எச்சரித்தார்கள்? அந்தப் பெண் செய்தியில் எச்சரித்துக்கொண்டே இருந்தாள், பவுடர் போட்ட முகத்தோடு, ஒருத்தரையும் பார்க்காமல். எல்லாத் தலையும் திரும்பி அவனைப் பார்த்தது. தணிகாசலம், "சும்மா அடிங்க சார், ஃபாரின் ரிட்டர்ன் நீங்களே யோசிச்சா நாங்க எங்க போறது" என்றார். வகுப்பு சிரித்தது. "சிம்பிளா சொல்லுங்க சார்," என்றாள் மிஸ், "வீட்ல யாரையாவது எதுக்காவது வார்ன் பண்ணியிருப்பீங்கல்ல?" தொண்டையில் மிளகாய். வாய் திறந்தது. ஐ டிட் நாட் வார்ன் மை சிஸ்டர். யார் சொன்னது அது? ஒரு தப்பு இல்லை. எஸ் வேண்டாத இடத்தில் எஸ் இல்லை, டிட் இருக்க வேண்டிய இடத்தில் டிட். "வெரி குட்!" மிஸ் கை தட்டினாள். "பாருங்க, நெகட்டிவ்ல சொன்னாரு. டிட் நாட்டுக்கு அப்புறம் வார்ன்ட் வரக் கூடாது, வார்ன்தான். எல்லாரும் சாருக்குக் கிளாப்ஸ்." தட்டினார்கள். நிஜமாகவே தட்டினார்கள். தன் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இங்கிலீஷில் ஒரு உண்மையைச் சொல்லி, அதற்குக் கைதட்டு வாங்கி நின்றான் பத்திநாதன். மேசையைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் என்று வந்தது. நோட்டைக்கூட எடுக்கவில்லை. "சார், இன்னும் கட் இருக்கு சார்" என்று பின்னால் குரல் வந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு மாடிப்படிக்கு வந்து நம்பரைப் போட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தவுடன் இரைச்சல், சின்னக்கடை மீன் மார்க்கெட். "இரு இரு... நானூறா? போன வாரம் முன்னூத்தம்பது குடுத்தியே, ஒரு வாரத்துல மீனுக்கு என்ன றெக்கை மொளைச்சிச்சா? ...சொல்லு பத்தி."

"அக்கா, எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

"என்னது? சத்தமாப் பேசு."

"இங்கிலீஷ் தெரியாதுக்கா. அந்த டேப்புல இருக்கறது நாந்தான். பதினோரு யெஸ்ஸும் நாந்தான் சொன்னேன். ஒண்ணுகூட விளங்காமச் சொன்னேன். தமிழ்ல பேசட்டுமான்னு கேட்டா. வேணாம்னுட்டேன்."

போனில் அந்தப் பக்கம் யாரோ ஐஸ் உடைத்தார்கள்.

"அப்ப அன்னைக்கு அரை மணி நேரம் எனக்கு வாசிச்சுக் காட்டினியே," என்றாள் அக்கா, "அது என்னடா?"

"நானா சொன்னது."

"மாசாமாசம் வரும்னியே."

"நானா சொன்னதுக்கா."

"அக்காவ், எடுக்கவா வேணாமா, கைய நனைச்சிட்டு நிக்கிறேன்" என்றது மீன்காரியின் குரல். "வேணாம், போடு கீழ" என்றாள் அக்கா, அதே தொனியில். அப்புறம் மூச்சு. அவளுடைய மூச்சை அவனுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் கெட்ட செய்தி சொல்லிவிட்டு வீட்டுக்கு வருகிற நாட்களில் அப்படித்தான் மூக்கால் நீளமாக விடுவாள். திட்டு அக்கா. திட்டிவிடேன். ஏன்டா உன்னைப் படிக்க வச்சோம் என்று இப்போதாவது கேளேன்.

"இத வேற யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"நாளைக்கு வரே. வராம இருந்துட்டே, அப்புறம் எம்மூஞ்சில முழிக்காதே. டேப்பப் போடட்டும், முழுசாப் போடட்டும், நடுவுல வாயத் திறக்காதே. முடிஞ்சதும் எழுந்திரி. எனக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு சொல்லு. தமிழ்ல சொல்லு. அந்த நிரஞ்சன் பயல், பெரிய ஆபீசர், யார் யாரு இருக்கானோ அத்தனை பேரு முன்னாடியும் சொல்லு. பாஷை தெரியாதவன் சொன்ன யெஸ் எப்படிடா செல்லும்னு நான் கேக்கறேன். மிச்சத்த நான் பேசிக்கறேன். நாலு வார்த்த நறுக்குன்னு நீ ஒண்ணும் விட வேணாம்."

"சரிக்கா."

"சரி, யெஸ், எல்லாத்துக்கும் ஒண்ணு வச்சிருக்கான் வாய்ல" என்றாள். போன் கட்டானது.

அவன் படியிலேயே நின்றான். மூன்று வருஷமாக எதை மூடி மூடி வைத்தானோ அதையே நாளைக்குச் சாட்சியாகக் கேட்கிறாள். அதைத் தவிர அவனிடமிருந்து அவளுக்கு ஒன்றும் வேண்டாம். சொல்ல வருமா? இத்தனை பேர் முன்னால், டை கட்டினவர்கள் முன்னால், அந்த நோவுக்குப் பின்னாலேயே? சொல்லிப் பார்த்தான். சத்தம் வரவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்து, மில்லின் இரைச்சலுக்கு மேல் கேட்கும்படி, "எனக்கு இங்கிலீஷ் தெரியாது" என்றான்.

கீழே மிளகாய்த் தூள் படிந்த துண்டைத் தலையில் கட்டியிருந்த மில்லுக்காரர் சுவிட்சை அணைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தார். "என்ன சார்?"

"எனக்கு இங்கிலீஷ் தெரியாது."

"எனக்குந்தான் தெரியாது," என்றார் அவர். "அதுக்கு ஏன் சார் கத்துறீங்க?" மறுபடி சுவிட்சைப் போட்டார். மில் ஓட ஆரம்பித்தது. இவ்வளவுதானா, இவ்வளவு லேசாகவா என்று பத்திநாதனுக்கு உள்ளே மளமளவென்று ஏறிய கோபத்துக்கு இந்தத் தடவை எதிரே வேறு யாரும் இல்லை.